ஐரிஷ் குழந்தைப் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வகுப்புத் தோழர்களின் பெயர்களைப் பற்றிய சந்தேகமும் தொடங்கிவிடுகிறது. இங்கே வாழாதவர்களும் திரையில் ஒரு நடிகையின் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஐரிஷ் எழுத்துக்கூட்டலைக் காட்ட வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

ஐரிஷ் பேருன்னா இங்கிலீஷ் பேருதானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இல்லை. ஐரிஷ் தனி மொழி. ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஐரிஷ் கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி இதன் நெருங்கிய உறவு. அயர்லாந்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்தே ஆட்பெயர்கள்தான். ஏறக்குறைய 4 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை, கல்லின் விளிம்பில் கோடுகளாகச் செதுக்கிய ஓகம் எழுத்தில் ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது. அதில் வரும் ‘மாக்கி’ என்ற சொல்தான் இன்றைய ‘மாக்’, அதாவது மகன்.

இன்று ஐரிஷ் பெயர் என்று சொல்லப்படுபவை பல அடுக்குகளில் வந்தவை. கிறித்தவத்துக்கு முன்பிருந்த பெயர்கள், துறவிகளும் புனிதர்களும் தாங்கியவை, திருச்சபை வழியே லத்தீனிலிருந்து வந்தவை, 1169க்குப் பிறகு படையெடுத்து வந்த, பிரெஞ்சு பேசிய நார்மன்கள் கொண்டுவந்த பெயர்கள், கடைசியாக 20ஆம் நூற்றாண்டில் புதிதாக உருவானவை. ஒரு பெயர் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தெரிந்தால் அதன் பொருளில் பாதி தெரிந்துவிடும்.

எழுதறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணா இருக்கே. என்-ஐ-ஏ-எம்-எச் எப்படி ‘நீவ்’ ஆகும்?

ஆங்கிலத்தின் விதியை வைத்துப் படிப்பதால்தான் இந்தக் குழப்பம். ஐரிஷுக்கு அதன் சொந்த விதிகள் உண்டு, அவை ஆங்கிலத்தைவிட ஒழுங்கானவை. மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் 18 எழுத்துகள்தான். ஜே, கே, க்யூ, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகியவை கிடையாது. ஆனால் ‘வ’ ஒலி மொழியில் இருக்கிறது. அதை எழுதத்தான் பி-எச், எம்-எச் என்ற கூட்டெழுத்துகள். அதனால் என்-ஐ-ஏ-எம்-எச் ‘நீவ்’ ஆகிறது, எஸ்-ஐ-ஓ-பி-எச் என்று தொடங்கும் பெயர் ‘ஷிவான்’ ஆகிறது.

அந்த ‘எச்’ உண்மையில் ஒரு புள்ளி. பழைய ஐரிஷ் எழுத்துருவில் மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள், அது ஒலியை மென்மையாக்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சாதாரண ரோமன் எழுத்துக்கு மாறியபோது புள்ளிக்குப் பதில் ‘எச்’ வந்தது. புள்ளியோடு எழுதிய காலத்தில் கையடக்கமாக இருந்த பெயர்கள் இப்போது நீண்டு தெரிகின்றன.

இன்னொரு விதியும் உண்டு. பக்கத்தில் ‘ஈ’ அல்லது ‘ஐ’ எழுத்து இருந்தால் எஸ் பெரும்பாலும் ‘ஷ’ ஆகும். ‘ஏ’, ‘ஓ’, ‘யூ’ இருந்தால் ‘ஸ’தான். இதற்கு அருமையான எடுத்துக்காட்டு சீர்ஷா என்ற பெயர்: எஸ்-ஏ-ஓ-ஐ-ஆர்-எஸ்-ஈ. முதல் எஸ்ஸை அடுத்து ‘ஏ’ இருப்பதால் அது ‘ஸ’. இரண்டாவது எஸ்ஸுக்குப் பின்னால் ‘ஈ’ இருப்பதால் அது ‘ஷ’. ஒரே பெயருக்குள் விதியின் இரண்டு பக்கமும் இருக்கிறது.

மேல ஒரு சின்னக் கோடு போடறாங்களே, அது அவசியமா? விட்டா என்ன?

அதன் பெயர் ஃபாடா. ‘நீளம்’ என்று பொருள். உயிரொலியை நெடிலாக்கும் குறி அது. குறில் நெடில் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் அருமை உடனே புரியும். எஸ்-ஈ-ஏ-என், ஏ-வின் மேல் ஃபாடா இருந்தால் ‘ஷான்’ என்ற பெயர். ஃபாடா இல்லாவிட்டால் ‘ஷன்’, அது ‘முதிய, பழைய’ என்று பொருள்படும் வெறும் சொல். ‘ஃபார்’ என்றால் ஆண், ஃபாடா சேர்ந்து ‘ஃபேர்’ ஆனால் புல். எனவே அது அலங்காரம் இல்லை. பிள்ளையின் நண்பனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதும்போது அந்தக் கோட்டையும் போட்டு எழுதுங்கள், பெற்றோர் கட்டாயம் கவனிப்பார்கள்.

தினமும் கேட்கிற பேருங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு சொல்லுங்க. தப்பா சொல்லிடுவோமோன்னு பயமா இருக்கு.

முதலில் பெண் பெயர்கள். ஏ-ஓ-ஐ-எஃப்-ஈ என்றால் ‘ஈஃபா’. சி-ஏ-ஓ-ஐ-எம்-எச்-ஈ என்றால் ‘கீவா’, தெற்கே ‘க்வீவா’. எஸ்-ஏ-டி-எச்-பி-எச் என்று ஆறு மெய்யும் உயிருமாக நிற்பது ‘ஸைவ்’ என்ற ஒரே அசை. ஃபாடாவோடு வரும் ஏ-ஐ-என்-ஈ ‘ஆன்யா’. ஜி-ஆர் என்று தொடங்குவது ‘க்ரானியா’. எஃப்-ஐ-ஏ-டி-எச் ‘ஃபீயா’.

ஆண் பெயர்களில் எல்லாரும் தடுமாறுவது டி-ஏ-டி-எச்-ஜி. அது ‘டைக்’. ஆங்கிலத்தில் ‘டைகர்’ என்று சொல்லத் தொடங்கி பாதியில் நிறுத்தினால் சரியாக வரும். ஓ-ஐ-எஸ்-ஐ-என் ‘உஷீன்’ அல்லது ‘ஓஷீன்’. சி-ஐ-ஏ-என் ‘கீயன்’. ஏ-ஓ-டி-எச் வெறும் ‘ஏ’.

பயப்பட ஒன்றுமில்லை. ஒரே பெயரை மன்ஸ்டர், கானக்ட், அல்ஸ்டர் என்று வட்டாரத்துக்கு ஒரு மாதிரி சொல்வதால், ‘உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்பது இங்கே இயல்பான கேள்விதான். கேட்காமல் நாமே சுருக்கி ஒரு புதுப்பெயர் வைப்பதுதான் பிள்ளைகளை வருத்தும்.

ஷான், ஷிவான், ஷினேட், ஓவன்… எல்லாத்துக்கும் ‘கடவுள் அருளினார்’னே போட்டிருக்கு. இணையத்துல தப்பா போட்டிருக்காங்களா?

இந்த இடத்தில் சரிதான். எல்லாமே ஒரு மூலத்திலிருந்து வந்தவை. எபிரேய மொழியில் யோவான் என்ற பெயருக்கு அந்தப் பொருள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் யோவானை அருளப்பர் என்று சொல்வதும் அதனால்தான். லத்தீன் வடிவம் திருச்சபை வழியே வந்து ‘ஓவன்’ ஆனது, எழுத்தில் ஈ-ஓ-ஐ-என். பிறகு நார்மன்கள் அதன் பிரெஞ்சு வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். ஆண்பால் வடிவம் ஷான் ஆனது. பெண்பாலில் ழெஹான் என்பது ஷிவான் ஆகவும், ழானெட் என்பது ஷினேட் ஆகவும் மாறின.

இதே வழியில்தான் செசிலியா ஷீலா ஆனாள், எலிசபெத் எய்லீஷ் ஆனாள், ஜேம்ஸ் ஷேமஸ் ஆனார், வில்லியத்தின் ஐரிஷ் வடிவம் வாலை மட்டும் வைத்துக்கொண்டு லியம் ஆனது. உலகமே ஐரிஷ் பெயர் என்று நினைக்கும் லியமின் வேர் ஜெர்மானியம்.

ஒரு எச்சரிக்கை. காதுக்கு ‘ஓவன்’ என்றே கேட்கும் இன்னொரு பெயர் இருக்கிறது, எழுத்தில் ஈ-ஓ-ஜி-எச்-ஏ-என். அது யோவான் இல்லை, பழைய ஐரிஷ் பெயர். ‘யூ என்ற ஊசியிலை மரத்தில் பிறந்தவன்’ என்று அதற்குப் பொதுவாகப் பொருள் சொல்வார்கள். அழைப்பிதழ் எழுதுமுன் எந்த ஓவன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரையன்னா என்ன அர்த்தம்? ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொண்ணு போட்டிருக்கு.

உறுதியான பொருள் கிடையாது என்பதுதான் நேர்மையான பதில். ‘உயர்ந்த’ என்று பொருள்படும் ஒரு பழைய கெல்டிக் வேரோடு சிலர் சேர்க்கிறார்கள். நியால், டெர்ட்ரா, க்ரானியா ஆகியவையும் இப்படித்தான். வேர் என்ன என்று மொழியறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல் வேண்டும், அதனால் எதையாவது நிரப்பிவிடுகிறார்கள். ‘துணிவு’, ‘அழகு’, ‘வலிமை’ என்று ஒற்றைச் சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

ஆனால் பொருள் தெரியவில்லை என்றால் பெயர் வெறுமையாகிவிடாது. பிரையன் என்று பெயர் வைக்கும் ஐரிஷ் பெற்றோர் அகராதியைப் பார்ப்பதில்லை. 1014இல் குளோன்டார்ஃப் போர்க்களத்தில் உயிர்விட்ட அரசர் பிரையன் போரு அவர்கள் நினைவில் இருக்கிறார். பெயரின் பொருள் பெரும்பாலும் வேர்ச்சொல்லில் இருப்பதைவிட, அதை முன்பு தாங்கியவரின் கதையில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் கதைகளாகவே சொல்லிக்கொண்டு போவதற்கும் அதுதான் காரணம்.

மான், ஓநாய், கடல்நாய்னு மிருகங்க பேரை எல்லாம் குழந்தைக்கு வைப்பாங்களா?

தாராளமாக. ஐரிஷில் ‘ஆன்’, ‘ஈன்’ என்ற விகுதிகள் ‘சின்ன, செல்ல’ என்று பொருள் தரும். ஓநாயோடு சேர்ந்தால் ஃபேலான், கடல்நாயோடு சேர்ந்தால் ரோனான், மானோடு சேர்ந்தால் உஷீன். புறாவைக் குறிக்கும் கோலம் என்ற பெயரும் உண்டு. 597இல் அயோனா தீவில் மறைந்த புனிதர் கோலம்கில் ‘திருச்சபையின் புறா’ என்று அழைக்கப்பட்டார். அவருக்கு முதலில் இருந்த பெயர் கிரிம்தன், அதாவது நரி என்று ஒரு மரபு சொல்கிறது.

உஷீனின் கதையைக் கேட்டால் அந்தப் பெயரை மறக்க மாட்டீர்கள். வீரன் ஃபின் மாக் கூலின் மனைவி ஸைவ். அவளை ஒரு மந்திரவாதி மானாக மாற்றிவிடுகிறான். பல ஆண்டுகள் கழித்து ஸ்லைகோ பகுதியின் பென்பல்பன் மலையில் ஃபின் ஒரு சிறுவனைக் கண்டெடுக்கிறான். மானால் வளர்க்கப்பட்ட அவன்தான் மகன், அதனால் ‘மான்குட்டி’. பெரியவனானதும் வெண்குதிரையில் வரும் நீவ் என்ற பெண்ணோடு இளமை மாறாத நாட்டுக்குப் போகிறான். கொஞ்ச காலம்தான் ஆனது என்று நினைத்துத் திரும்பி வந்தால் அயர்லாந்தில் 300 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. குதிரையிலிருந்து தரையில் விழுந்த கணத்தில் கிழவனாகிவிடுகிறான். நீவ் என்ற பெயருக்கு ‘ஒளி’ என்று பொருள். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் உஷீன், நீவ் என்று வைக்க மாட்டார்கள், அவர்கள் காதலர்கள்.

நாய்னு கூடப் பேரு இருக்காமே? அது வசவு இல்லையா?

ஐரிஷ் மரபில் வேட்டைநாய் வீரத்தின் அடையாளம். ‘கூ’ என்றால் வேட்டைநாய். கோனர், கோனல், கோனான் ஆகிய பெயர்களுக்குள் பொதுவாக இந்தச் சொல்லைத்தான் பார்க்கிறார்கள். கோனருக்கு ‘வேட்டைநாய்களை விரும்புகிறவன்’ என்று பொருள் சொல்வது வழக்கம்.

இதன் உச்சம் கூஹுலின் கதை. சிறுவன் செடான்டா, குலன் என்ற கொல்லன் வைத்த விருந்துக்குத் தாமதமாக வருகிறான். காவல்நாய் பாய்கிறது. சிறுவன் கையிலிருந்த பந்தை அதன் தொண்டைக்குள் அடித்து, நாயைக் கொன்றுவிடுகிறான். கொல்லன் தன் காவலை இழந்து புலம்ப, ‘இன்னொரு நாய் வளரும்வரை நானே காவல் இருக்கிறேன்’ என்கிறான் சிறுவன். அன்றிலிருந்து அவன் பெயர் கூஹுலின், குலனின் வேட்டைநாய். டப்ளினின் பொது அஞ்சல் நிலையத்தில், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் நினைவாக நிற்பது சாகும் தறுவாயில் உள்ள கூஹுலினின் சிலைதான். அந்தப் பெயர் அவனோடு நின்றுவிட்டது, குழந்தைகளுக்கு வழக்கமாக வைப்பதில்லை.

கறுப்புன்னு அர்த்தம் வர்ற பேரு இருக்கா?

இருக்கிறது, அதுவும் மிகவும் விரும்பப்படும் பெயர். ‘கீர்’ என்றால் கருமை. அதிலிருந்து வந்தவை ஆணுக்குக் கீரான், பெண்ணுக்குக் கீரா. முடியின் கருமையைக் குறித்திருக்கலாம் என்பது பொதுவான விளக்கம். ஷானன் ஆற்றங்கரையில் குளோன்மக்னாய்ஸ் மடத்தை நிறுவிய புனிதரின் பெயர் கீரான். எதிர்ப்பக்கத்தில் ஃபின் என்றால் வெளுப்பு, பொன்னிறம். ரூரி என்றால் செந்நிற அரசன்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் பிள்ளையின் பெயர் கிரண் என்றால், ஐரிஷ் ஆசிரியர்கள் அதைக் கீரான் என்று கேட்டு, அப்படியே எழுதியும் விடுவார்கள். கிரணுக்கு ஒளிக்கதிர் என்று பொருள், கீரானுக்குக் கருமை. தாரா என்ற பெயரும் அப்படித்தான். நமக்கு அது நட்சத்திரம், அவர்களுக்கு மீத் பகுதியில் பழைய அரசர்கள் முடிசூடிய குன்று. இரண்டுக்கும் தொடர்பில்லை.

ஈஃபா ஒரு பொல்லாத சித்தி பேருன்னு கேள்விப்பட்டேன். டெர்ட்ரா சோகமானவள். இப்படி ராசியில்லாத பேரை எப்படி வைக்கிறாங்க?

நீங்கள் கேள்விப்பட்டது சரி. லிர் என்ற தலைவனின் 4 பிள்ளைகளையும் அன்னங்களாக மாற்றியவள் சிற்றன்னை ஈஃபா. ஃபினூலா, ஏ, ஃபீக்ரா, கான் ஆகிய நால்வரும் டெராவரா ஏரியில் 300, மாய்ல் கடலில் 300, மேற்குக் கடற்கரையில் 300 என்று 900 ஆண்டுகள் அன்னங்களாகவே திரிந்தார்கள். ஆனால் ஐரிஷ் கதைகளில் ஈஃபா ஒருத்தி மட்டும் இல்லை. கூஹுலினோடு சமமாகப் போரிட்ட வீராங்கனை ஈஃபாவும் உண்டு. வரலாற்றிலோ 1170இல் நார்மன் தலைவன் ஸ்ட்ராங்போவை வாட்டர்ஃபோர்டில் மணந்த லென்ஸ்டர் இளவரசியும் ஈஃபாதான்.

டெர்ட்ராவுக்கு அப்படித் தப்பிக்கும் வழி இல்லை, அவள் கதை முழுக்கத் துயரம்தான். வயதான அரசனுக்கென்று வளர்க்கப்பட்டவள், நீஷா என்ற இளைஞனோடு ஸ்காட்லாந்துக்கு ஓடிப் போகிறாள். வாக்குக் கொடுத்துத் திரும்ப அழைத்து நீஷாவைக் கொன்றுவிடுகிறார்கள். அப்படியும் அந்தப் பெயரை வைத்தார்கள். பெயர் கொண்டவளின் முடிவு பிள்ளைக்கும் வரும் என்ற அச்சம் இங்கே அதிகம் இல்லை. விருப்பமில்லாதவனுக்கு அடங்காமல் நின்றாள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இந்தப் பார்வை பிடித்திருக்கிறது.

மேவ்னா போதைன்னு அர்த்தமாம். பொம்பளப் புள்ளைக்கு அப்படியா பேரு வைப்பாங்க?

‘மயக்குகிறவள்’ என்று சொன்னால் சரியாக இருக்கும். தேனிலிருந்து காய்ச்சும் மதுவைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. சமஸ்கிருத ‘மது’வும் அந்த வேரின் தொலைதூர உறவே. மேவ் கானக்டின் அரசி. கணவனுக்கு இணையாகத் தன் செல்வத்தை எண்ணிப் பார்த்து, ஒரு காளை குறைகிறது என்று அதற்காகப் படையெடுத்தவள். ஸ்லைகோவில் நாக்னரே குன்றின் உச்சியில் உள்ள பெரிய கற்குவியலை அவள் கல்லறை என்பார்கள். இன்று மேவ் என்று வைப்பவர்கள் நினைப்பது அந்த அரசியைத்தான்.

பேட்ரிக்தான் அயர்லாந்தோட ஆதிப் பெயரா?

இல்லவே இல்லை. 5ஆம் நூற்றாண்டில் வந்த புனிதர் பேட்ரிக் பிரிட்டனில் பிறந்தவர், பெயர் லத்தீன். இன்னும் வியப்பு, ஐரிஷ் மக்கள் அவர்மேல் இருந்த பக்தியால் நெடுங்காலம் அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டவே துணியவில்லை. ‘பேட்ரிக்கின் அடியான்’ என்றுதான் வைத்தார்கள். நேரடியாகப் பேட்ரிக் என்று வைப்பது 17ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் பரவியது.

மரியாவுக்கும் இதே மரியாதை. இயேசுவின் தாயைக் குறிக்க ‘முர்யா’ என்ற வடிவம் தனியாக இருக்கிறது, பெண்களுக்கு வைப்பது ‘மாரா’ என்ற வேறு வடிவம். இன்றும் ஐரிஷில் இந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. ‘அடியான்’ என்ற அந்தச் சொல் குடும்பப் பெயர்களில் ஒளிந்திருக்கிறது. முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மக்அலீஸின் குடும்பப் பெயருக்கு ஐரிஷில் ‘இயேசுவின் அடியானுடைய மகன்’ என்று பொருள்.

பிரிஜிட் சாமியா, புனிதரா?

இரண்டும். ‘உயர்ந்தவள்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட தெய்வம் கிறித்தவத்துக்கு முன்பே இருந்தாள். அதே பெயரில் கில்டேரில் மடம் நிறுவிய புனிதர் பிறகு வந்தார். அவருடைய நாள் பிப்ரவரி 1, வசந்தத்தின் தொடக்கமும் அதுதான். 2023 முதல் அதையொட்டி அயர்லாந்தில் பொது விடுமுறை. ஐரிஷில் ‘ப்ரீட்’ என்பார்கள்.

தாத்தா ஜெரமையா, பேரன் டீர்மிட். ஆனா ‘தாத்தா பேரைத்தான் வெச்சிருக்கோம்’னு சொல்றாங்க. எப்படி?

உண்மையில் அதே பெயர்தான், இந்த ஒட்டுப்போடலுக்குப் பின்னால் ஒரு வலியான வரலாறு இருக்கிறது. ஆங்கிலேய ஆட்சியில் பள்ளி, நீதிமன்றம், பதிவேடு எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில் கற்பித்தன. 1864இல் பிறப்புப் பதிவு எல்லாருக்கும் கட்டாயமானது, பதிவேடுகளும் ஆங்கிலமே. வீட்டில் அழைத்த ஐரிஷ் பெயருக்கு எதிரே, ஓசையில் கொஞ்சம் ஒத்துப்போகும் ஏதோ ஒரு ஆங்கிலப் பெயரையோ விவிலியப் பெயரையோ எழுதிவிடுவார்கள். டீர்மிட் ஜெரமையா ஆனார். டைக் என்பவர் டிமோதி ஆனார். கோனர் கொர்னேலியஸ் ஆனார். டொனகா டெனிஸ் ஆனார். ஸொரகா என்ற பெயருக்கு ‘ஒளி’ என்று பொருள், அவள் சாரா ஆனாள். கார்க் பகுதியில் தேனீக்களின் காவலராக வணங்கப்படும் புனிதர் கோப்நட்டின் பெயர் கொண்ட பெண்கள் அபிகெயில் ஆனார்கள். பொருளில் எந்தத் தொடர்பும் இல்லை.

1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் ஐரிஷ் பேசிய ஏழை மக்களைத்தான் அதிகம் கொன்றது, கப்பலேற்றியது. மிஞ்சியவர்களில் பலருக்கு மொழியும் பெயரும் வறுமையின் அடையாளமாகத் தோன்றின. 1892இல் ஐரிஷ் மொழி அறிஞர் டக்ளஸ் ஹைட் ஒரு புகழ்பெற்ற உரையில், தங்கள் பெயரையே மாற்றிக்கொள்ளும் மக்களைப் பார்த்து மனம் நொந்து பேசினார். அடுத்த ஆண்டு ஐரிஷ் மொழியை மீட்கும் கேலிக் கழகம் தொடங்கியது, அவரே பின்னாளில் 1938இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார். அந்த இயக்கத்தில் சேர்ந்தவர்கள் பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் விடுதலைப் போராட்டத் தலைவர்களான இருவரும் அப்படித்தான்: எட்வர்ட் என்று அழைக்கப்பட்டவர் ஏமன் டி வலேரா ஆனார், சார்லஸ் பர்ஜஸ் கஹல் ப்ரூஹா ஆனார். எனவே பேரனுக்கு டீர்மிட் என்று வைப்பது, தாத்தாவின் தாத்தா வீட்டில் கேட்ட பெயரை மீட்பது. பட்டியலில் ‘டைக் என்றால் டிமோதி’ என்று எழுதியிருந்தால் அதைப் பொருள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டைக்குக்குப் பொருள் ‘கவிஞன்’.

சீர்ஷா, ஃபீயா எல்லாம் பழங்காலப் பெயர்களா?

இல்லை, கேட்க அப்படி இருந்தாலும் புதியவை. சீர்ஷா என்றால் விடுதலை. விடுதலைப் போராட்டக் காலத்துக்குப் பிறகு 20ஆம் நூற்றாண்டில்தான் அது பெயரானது. நடிகை சீர்ஷா ரோனனால் உலகம் அறிந்தது. ஆஷ்லிங் என்றால் கனவு. 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் அயர்லாந்தே ஒரு பெண்ணாகக் கனவில் வருவதாகப் பாடிய கவிதை வகைக்கு அந்தப் பெயர், ஆட்பெயரானது பின்னால்தான்.

ஃபீயா இவற்றிலும் இளையது. ‘மான்’, ‘காட்டுத்தனமான’ என்ற இரண்டையும் தொடும் பழஞ்சொல். அயர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2021இல் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் ஃபீயா என்று அறிவித்தது. அதே அலுவலகத்தின் பட்டியலில் 1964இன் முதலிடம் ஜானுக்கும் மேரிக்கும். ஆண்களில் மட்டும் 2007 முதல் பெரும்பாலும் ஜாக்தான் முன்னால் நிற்கிறது.

கொலீன், எரின் நல்ல ஐரிஷ் பேருங்கதானே?

கொலீன் என்பது ‘சிறுமி’ என்ற பொதுச்சொல். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய ஐரிஷ் குடும்பங்கள் பெயராக்கின. ஐரிஷ் பேசுகிற இடத்தில் மகளைச் சிறுமி என்றே பெயரிட்டு அழைப்பது போல இருக்கும். எரின் அயர்லாந்தையே குறிக்கும். அதுவும் வெளிநாட்டில் பரவித் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தது, இன்று இங்கேயும் வைக்கிறார்கள்.

‘ஆ’ன்னு முடிஞ்சா பொண்ணு பேருதானே?

நம் காதுக்கு அப்படித் தோன்றும், நம்பாதீர்கள். ஏனா, ஃபீக்ரா இரண்டும் ஆண் பெயர்கள். ஃபீக்ரா மேலே அன்னக் கதையில் வந்த பையன்களில் ஒருவன். டாரா என்பது கருவாலி மரத்தோடு சேர்ந்த பெயர், மேற்கு அயர்லாந்தின் கானமாராவில் தனித் தீவும் திருவிழாவும் உள்ள புனிதர் மாக்டாராவிடமிருந்து வந்தது. இப்போது இருபாலருக்கும் வைக்கிறார்கள். ஸைவ், நீவ், மேவ் என்று மெய்யில் முடிபவை பெண் பெயர்கள்.

ஐரிஷ் வழிப் பள்ளியில டீச்சர் ஷேமஸை ‘ஹேமிஷ்’னு கூப்பிடறாங்க. என் பொண்ணு வேற பையன்னு நினைச்சுட்டா.

பெயர் விளிவேற்றுமையில் மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. கண்ணனைக் கண்ணா என்று கூப்பிடும்போது நம் பெயரின் கடைசி மாறுகிறது அல்லவா? ஐரிஷில் முதலெழுத்து மென்மையாகும், ஆண் பெயராக இருந்தால் முடிவும் மாறும், முன்னால் ஒரு ‘அ’வும் வரும். ஷேமஸ் ‘அ ஹேமிஷ்’ ஆகிறான், ஷான் ‘அ ஹ்யான்’ ஆகிறான், மாரா ‘அ வாரா’ ஆகிறாள். ஸ்காட்லாந்தில் ஹேமிஷ் என்று தனிப்பெயராகவே இருப்பது இந்த விளியைக் கேட்டு எழுதியதால்தான்.

அண்ணன் ‘ஓ டோனல்’, தங்கச்சி ‘நீ கோனல்’. ஒரே அப்பாதானே?

ஒரே அப்பாதான். ‘ஓ’ என்றால் பேரன், வழித்தோன்றல். ‘மாக்’ மகன், ஓகம் கற்களில் பார்த்த அதே சொல். பெண் ‘ஓ’வைப் போட முடியாது. அவளுக்கு ‘நீ’, மாக் குடும்பமாக இருந்தால் ‘நிக்’. அடுத்து வரும் பெயரின் முதலொலியும் மென்மையாவதால் டோனல், கோனல் ஆகிறது. கவிஞர் நூலா நீ கோனலின் பெயரில் இதைப் பார்க்கலாம். ஆங்கில வடிவத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது, எல்லாரும் ஓ’டோனல்தான்.

ஐரிஷ் பேசும் ஊர்ப்புறங்களில் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு, பிள்ளை பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று அடுக்கி அழைப்பார்கள். முன்பு முதல் மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், முதல் மகளுக்கு அம்மா வழிப் பாட்டி பெயர் வைப்பது வழக்கம். ஒரே ஊரில் ஒரே பெயர் பலருக்கு இருந்ததால் இந்த அடுக்கு தேவைப்பட்டது.

நாம ஐரிஷ்காரங்க இல்லையே. நம்ம குழந்தைக்கு இப்படி ஒரு பேரு வைக்கலாமா?

வைக்கலாம். பெயர் இங்கே ஒரு சாதிக்கோ மதத்துக்கோ உரியதாகப் பூட்டி வைக்கப்படவில்லை. தங்கள் மொழியை மதித்து ஒருவர் எடுத்துக்கொண்டால் இந்த மக்களுக்கு மகிழ்ச்சிதான். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி நாக்கிலும் ஏறுகிற பெயராகப் பாருங்கள். ஆன்யா, நூலா, மேவ், ரோனான், கீயன் எல்லாம் தமிழ் வாய்க்குத் தடுமாறாமல் வரும். க்வீவாவும் டைக்கும் கொஞ்சம் பழக வேண்டும்.

எடுத்துக்கொண்டால் ஐரிஷ் எழுத்துக்கூட்டலையே வையுங்கள் என்பது என் வேண்டுகோள். படிக்க எளிதாக இருக்கும் என்று ஒலிப்படி மாற்றி எழுதினால், மேலே ஜெரமையா விஷயத்தில் நடந்ததையே நாமும் செய்கிறோம்.

ஃபாடா பாஸ்போர்ட்டுல வருமா? டிக்கெட் எடுக்கும்போது பிரச்சனை ஆகாதா?

அயர்லாந்தில் குழந்தை பிறந்து 3 மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்திலேயே ஃபாடா சரியான எழுத்தின் மேல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பின்னால் வரும் ஆவணங்கள் அதைப் பார்த்துத்தான் தயாராகும். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் உலகம் முழுவதும் எந்த மொழிக் குறியும் வராது, அங்கே ஃபாடா இல்லாத எழுத்துதான் இருக்கும். விமானச் சீட்டு எடுக்கும்போது அந்த வரிகளில் உள்ளபடி கொடுங்கள். பள்ளி, மருத்துவர், நூலகம் என்று மற்ற இடங்களில் ஃபாடாவோடு எழுதிக் கொடுங்கள். கணினி ஏற்கவில்லை என்று யாராவது சொன்னால் ஒரு முறை வற்புறுத்திக் கேட்டுப் பாருங்கள்.